விளக்கா, சிற்பமா? ஒரு சுங்க வழக்கும் 72 இலைகளும்

2006-ல் லண்டனிலுள்ள ஒரு கலைக்கூடம் டான் ஃப்ளேவினின் படைப்பு ஒன்றை அமெரிக்காவிலிருந்து இறக்குமதி செய்தது. ஃப்ளேவின் 1963-லிருந்து டியூப் லைட்டுகளை வைத்தே சிற்பம் செய்தவர். அதுவும் சொல்லிவைத்துச் செய்த டியூப் கிடையாது, இரண்டடி, நாலடி, ஆறடி, எட்டடி என்று அமெரிக்கக் கடைகளில் கிடைத்த சாதாரண டியூப்தான். பெட்டியைத் திறந்து பார்த்த சுங்க அதிகாரிகளுக்கு அதில் சிற்பம் எதுவும் தெரியவில்லை. டியூப் இருந்தது, ஃபிட்டிங் இருந்தது, அவ்வளவுதான். சிற்பம் என்றால் 5 சதவீத வரி, மின்சாமான் என்றால் முழு வரி. வழக்கு நடந்தது, 2008-ல் பிரிட்டன் தீர்ப்பாயம் இது கலைதான் என்று சொல்லிவிட்டது. ஆனால் பிரிட்டன் அப்போது ஐரோப்பிய ஒன்றியத்தில் இருந்தது, 2010-ல் அதன் நிர்வாக அமைப்பான ஐரோப்பிய ஆணையம் ஒரு ஒழுங்குமுறை ஆணை போட்டு அதை மாற்றியது: இது சுவரில் மாட்டும் விளக்கு ஃபிட்டிங், முழு வரி கட்டு. அவர்கள் சொன்ன காரணம் இன்னும் சுவையானது. இந்தச் சாமான்கள் கலைப் படைப்பு கிடையாதாம், அவை எரியும்போது உண்டாகிற ஒளி விளைவுதான் படைப்பாம். அப்படியானால் பிளக்கைப் பிடுங்கினால் கலை போய்விடும், துறைமுகத்தில் பெட்டிக்குள் கிடக்கும்போது அது வெறும் டியூப் லைட்.

கிட்டத்தட்ட அதே நேரத்தில் ஐரோப்பாவின் இன்னொரு மூலையில் இதற்கு நேர் எதிரான வழக்கு ஓடிக்கொண்டிருந்தது. இத்தாலியின் ஃப்ளோஸ் நிறுவனம் 1962-லிருந்து விற்றுவரும் ஆர்கோ என்ற விளக்கை நீங்கள் எங்காவது பார்த்திருப்பீர்கள். கீழே ஒரு வெள்ளைப் பளிங்குக் கட்டி, அதிலிருந்து கிளம்பி வளைந்து போகும் நீண்ட எஃகுக் கம்பி, அதன் நுனியில் பளபளவென்று ஒரு கிண்ணம். செமெராரோ என்ற கடைக்காரர் சீனாவிலிருந்து அதே மாதிரி விளக்கை வரவழைத்து ஃப்ளூய்டா என்ற பெயரில் விற்க, ஃப்ளோஸ் வழக்குப் போட்டது. இத்தாலியில் 2001 வரை இருந்த சட்டப்படி, ஒரு பயன்பாட்டுப் பொருளுக்குப் பதிப்புரிமை வேண்டுமென்றால் அதன் கலையம்சத்தைப் பொருளிலிருந்து தனியாகப் பிரித்துக் காட்ட வேண்டும். ஜாடியில் வரைந்த பூ என்றால் பிரிக்கலாம், ஜாடியின் வளைவை எப்படிப் பிரிப்பது? அந்தச் சட்டம் மாறியது, ஆனாலும் பழைய வடிவங்களின் கதி என்ன என்ற கேள்வி மிஞ்சி, வழக்கு லக்சம்பர்க்கில் உள்ள ஐரோப்பிய நீதிமன்றம் வரை போனது. 2011 ஜனவரியில் வந்த தீர்ப்பு ஃப்ளோஸுக்கு வழிவிட்டது, பிறகு மிலான் நீதிமன்றமும் ஆர்கோவுக்குப் பதிப்புரிமை உண்டு என்றது.

ஆக, கலைக்கூடத்தில் இருந்தது விளக்காயிற்று, சோபா பக்கத்தில் நிற்பது கலையாயிற்று. படித்தால் சிரிப்பு வரும். ஆனால் ஆணையம் சொன்னதையும் நீதிமன்றம் சொன்னதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், இரண்டு பேரும் தடுமாறியது ஒரே இடத்தில்தான் என்று தெரியும். விளக்கில் எது அழகு, எது வேலை என்று கோடு போட முடியவில்லை. என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: நல்ல விளக்கில் அந்தக் கோடு கிடையவே கிடையாது, ஏனென்றால் அதன் வடிவம் ஒரு சிக்கலுக்குத் தேடிய விடை. மேசைக்கு ஒளி வேண்டும், ஆனால் ஒளி கிளம்புகிற இடம் கண்ணைக் குத்தக் கூடாது. உலகத்தின் நல்ல விளக்குகளில் முக்கால்வாசி இந்த ஒரு தொந்தரவிலிருந்து பிறந்தவை.

ஆர்கோவையே எடுத்துக்கொள்ளுங்கள். அக்கிலே காஸ்டிலியோனியும் அண்ணன் பியெர் ஜாக்கோமோவும் அதை வரைந்தபோது எதிரில் இருந்த கேள்வி, கூரையில் ஓட்டை போடாமல் சாப்பாட்டு மேசைக்கு மேலே விளக்குத் தொங்கவிடுவது எப்படி என்பது. தெருவிளக்கு அப்படித்தானே செய்கிறது, கம்பம் ஓரத்தில், வெளிச்சம் நடுவில். அதை வீட்டுக்குள் கொண்டுவந்தால் வளைவு நீளமாக வேண்டும், நாற்காலிக்குப் பின்னால் ஆள் தட்டோடு நடந்து போகிற அளவுக்கு. வளைவு நீண்டால் சாயும், சாயாமல் இருக்க எடை வேண்டும், குறைந்த இடத்தில் நிறைய எடை வேண்டுமென்றால் பளிங்கு. சுமார் 65 கிலோ. அதை யார் நகர்த்துவது? கட்டியில் ஒரு ஓட்டை இருக்கிறது பாருங்கள், நிறையப் பேர் அலங்காரம் என்று நினைப்பது, அது துடைப்பக் கட்டையைச் செருகி இரண்டு பேர் தூக்குவதற்கு. மூலைகளைச் சீவியிருப்பது காலில் இடிக்காமல் இருக்க. இதில் எந்தத் துண்டை உருவி எடுத்து இதுதான் கலை என்று நீதிபதி முன் வைப்பீர்கள்?

இந்த யோசனையை ஒரு வாழ்நாள் முழுக்க விடாப்பிடியாகத் துரத்தியவர் டென்மார்க்கின் பவுல் ஹென்னிங்சன் (1894–1967). கட்டடக்கலைஞர், விமர்சகர், சண்டைக்காரர். எண்ணெய் விளக்கின் மெல்லிய ஒளியில் வளர்ந்த தலைமுறை, வீட்டுக்கு மின்சாரம் வந்ததும் நடுவில் தொங்கிய வெற்று பல்பைப் பார்த்து அரண்டுபோயிருக்கிறது. வெளிச்சம் கூடிவிட்டது, ஆனால் கண் கூசியது, முகங்களில் கறுப்பாக நிழல் விழுந்தது. மற்றவர்கள் பட்டுத்துணி, சரிகைக் குஞ்சம் என்று பல்பைச் சுற்றி மூடிவைத்தார்கள். அதனால் கூச்சம் குறையும்தான், ஆனால் பாதி வெளிச்சம் துணியிலேயே வீணாகும். ஹென்னிங்சன் மூடவில்லை, திசை திருப்பினார். மூன்று தட்டுகள், ஒன்றின் கீழ் ஒன்றாக, ஒவ்வொன்றும் மடக்கைச் சுருள் என்று கணிதத்தில் சொல்கிற வளைவின் ஒரு பகுதி. அந்தச் சுருளுக்கு ஒரு குணம் உண்டு: மையத்திலிருந்து புறப்படும் கோடு, வளைவை எங்கே தொட்டாலும் ஒரே கோணத்தில்தான் தொடும். மையத்தில் பல்பை வைத்தால் தட்டின் எந்த இடத்திலும் ஒளி ஒரே சாய்வில் விழுந்து சிதறும், பளிச்சென்று ஒரு புள்ளி, பக்கத்தில் இருட்டு என்று திட்டுத்திட்டாக இராது, உள்ளிருந்து விளிம்புக்குப் போகப்போகச் சீராகக் குறையும். பல்பு மட்டும் எந்தப் பக்கம் நின்று பார்த்தாலும் தெரியாது. லூயி பவுல்சன் நிறுவனத்தோடு சேர்ந்து 1925-ல் பாரிஸ் அலங்காரக் கலைக் கண்காட்சிக்கு அவர் கொண்டுபோன விளக்கு தங்கப் பதக்கம் வாங்கியது. மூன்று தட்டு வடிவம் அதை ஒட்டி 1926-க்குள் முழுமையானது.

1941-ல் டென்மார்க் ஜெர்மனியின் பிடியில் இருந்தபோது நடந்தது இன்னும் நல்ல கதை. விமானத் தாக்குதலுக்குப் பயந்து ஊரெல்லாம் இருட்டடிப்பு, கோபன்ஹேகனின் டிவோலி பூங்கா மட்டும் இரவில் எப்படித் திறந்திருக்க முடியும்? ஹென்னிங்சன் ஒரு விளக்கைச் செய்தார், ஒளி கீழே நடைபாதைக்கு வரும், மேலிருந்து பார்க்கிற விமானிக்கு எதுவும் தெரியாது. பூங்கா நள்ளிரவு வரை நடந்தது. பார்க்க அழகான வடிவம் அது, அழகுக்காக ஒரு கோடுகூட வரைந்ததாகத் தெரியவில்லை.

1958-ல் இரண்டு விளக்குகள் வந்தன. ஒன்று பிஎச் 5 (பிஎச் அவர் பெயரின் முதலெழுத்துகள்), பெரிய தட்டின் விட்டம் 50 சென்டிமீட்டர், பெயரில் இருக்கும் 5 அதுதான். பல்பு கம்பெனிகள் பல்பின் உருவத்தையும் அளவையும் இஷ்டத்துக்கு மாற்றிக்கொண்டே இருந்ததில் கடுப்பாகி, எந்த பல்பை மாட்டினாலும் கண் கூசாத ஒரு விளக்கைச் செய்யத்தான் அதை வரைந்தார். உள்ளே சின்னதாகச் சிவப்பும் நீலமும் பூசிய பகுதிகள் இருக்கும். நம் கண் மஞ்சள், பச்சைக்குக் கூர்மை, நிறமாலையின் இரண்டு ஓரங்களான சிவப்புக்கும் நீலத்துக்கும் மந்தம், அந்த ஓரங்களைக் கொஞ்சம் தூக்கிவிடலாமென்று நினைத்தார். இரண்டாவது ஆர்டிசோக் (அடுக்கடுக்கான இதழ் கொண்ட ஒரு காயின் பெயர்), கோபன்ஹேகன் லாங்கலினி உணவகத்துக்காகச் செய்தது. 72 செப்பு இலைகள், வரிசைக்கு ஆறாகப் பன்னிரண்டு வரிசை, மேல் வரிசையின் இடைவெளியைக் கீழ் வரிசை மறைக்கிற மாதிரி அடுக்கியவை. நட்சத்திர ஹோட்டல் வரவேற்பறைகளிலும் கல்யாண மண்டபங்களிலும் இதன் நகல்களைப் பார்த்திருக்கிறேன். இலை எண்ணிக்கை குறைவு, சாய்வு தப்பு, நடுவில் பல்பு பல்லைக் காட்டும். உருவத்தை எடுத்துக்கொண்டு கணக்கை விட்டுவிட்டார்கள்.

ஜப்பானிய-அமெரிக்கச் சிற்பி இசாமு நொகுச்சி வேறு பக்கத்திலிருந்து வந்தார். 1951-ல் ஹிரோஷிமா போகிற வழியில் கிஃபு நகரத்தில் இறங்கினார். நாகரா ஆற்றில் இரவில் நீர்க்காகங்களைப் பழக்கி மீன் பிடிக்கிற ஊர், காகித விளக்குத் தொழிலுக்கும் பேர்போனது. தொழில் நொடிந்துகொண்டிருந்தது, ஏதாவது செய்யுங்களேன் என்று மேயர் கேட்க, அவர் வரைய ஆரம்பித்ததுதான் அகாரி. மரச் சட்டத்தின் மேல் மூங்கில் கீற்றைச் சுற்றி, முசுக்கொட்டை இனப் பட்டையிலிருந்து செய்த வாஷி காகிதத்தை ஒட்டி, காய்ந்ததும் சட்டத்தைக் கழற்றி உள்ளிருந்து உருவிவிடுவார்கள். மடித்தால் தட்டையாகிவிடும். ஒஸெகி என்ற பட்டறை இன்றும் கிஃபுவில் இதைச் செய்கிறது, நூற்றுக்கு மேற்பட்ட வடிவங்கள். காகிதம் ஒளியை மறைக்காது, காகிதமே ஒளி மூலமாகிவிடும். கைப்பிடி அளவு பல்பின் பிரகாசம் பெரிய பரப்பில் பரவுவதால் நேராகப் பார்த்தாலும் உறுத்தாது.

1986-ல் வெனிஸ் பினாலே என்கிற சர்வதேசக் கலைக் கண்காட்சியில் அமெரிக்காவின் சார்பில் நொகுச்சி கலந்துகொண்டார், பளிங்குச் சிற்பத்தோடு அகாரி விளக்குகளையும் வைத்தார். கண்காட்சிக்கு வைத்த தலைப்பு: சிற்பம் என்றால் என்ன? கடையில் விற்கிற காகித விளக்கை பினாலேக்குக் கொண்டுவருவதா என்று முகம் சுளித்தவர்கள் உண்டு. இவர் இளைஞராக 1927-ல் பாரிஸில் சிற்பி பிரான்குசியின் பட்டறையில் உதவியாளராக இருந்த சமயத்தில்தான், அந்தப் பிரான்குசியின் வெண்கலப் பறவை சிற்பமா, உலோகச் சாமானா என்று நியூயார்க்கில் சுங்க வழக்கு நடந்துகொண்டிருந்தது. பிரான்குசி ஜெயித்தார். ஃப்ளேவின் தோற்றதுக்கு எண்பது வருடம் முந்தி.

எழுபதுகளில் ஹாலோஜன் என்ற சின்ன, பிரகாசமான பல்பு வந்ததும் விளக்கு மெலிந்தது. ரிச்சர்ட் சாப்பர் 1972-ல் ஆர்டெமிடே நிறுவனத்துக்குச் செய்த டிசியோவில் ஒயரே இருக்காது. 12 வோல்ட்தானே, தொட்டாலும் ஆபத்தில்லை, எனவே கைகளே மின்சாரத்தைக் கடத்தும். இன்கோ மவுரர் 1984-ல் இரண்டு கம்பிகளை அறைக்குக் குறுக்கே இழுத்துக்கட்டி விளக்குகளைத் தொங்கவிட்டதும் இதே குறைந்த மின்னழுத்தத்தால் முடிந்ததுதான். ஒளி மூலம் மாறினால் வடிவமும் மாறுகிறது, இதுவரை கணக்கு நேராகத்தான் போகிறது.

அப்புறம் எல்இடி வந்தது. நீல எல்இடிக்காக அகசாகி, அமானோ, நாகமுரா மூவரும் 2014-ல் இயற்பியல் நோபல் வாங்கினார்கள். சிவப்பும் பச்சையும் முன்பே இருந்தன, நீலம் இல்லாமல் வெள்ளை கிடைக்காது. இன்று நம் வீட்டில் எரியும் வெள்ளை எல்இடி பெரும்பாலும் ஒரு நீலச் சில்லு, அதன் மேல் நீல ஒளியில் ஒரு பகுதியை மஞ்சளாக்கும் பாஸ்பர் பூச்சு. குண்டு பல்பு ஒரு வாட்டுக்குப் பத்துப் பதினைந்து லூமென் (ஒளியை அளக்கும் அலகு) தந்தால், எல்இடி நூறுக்குப் பக்கத்தில் தரும். ஐரோப்பா 2009 செப்டம்பரிலிருந்து குண்டு பல்பைப் படிப்படியாக ஒதுக்கியது. இந்தியாவில் அரசுத் திட்டத்துக்கு மொத்தமாக வாங்கிய எல்இடி பல்பு 2014-ல் 310 ரூபாயாக இருந்து 2016-ல் 38 ரூபாய்க்கு இறங்கியது.

விலையும் சிக்கனமும் எல்லாருக்கும் தெரிந்ததுதான். விளக்கு வரைபவர்களுக்கு நடந்தது வேறு. அதுவரை அவர்கள் ஒரு சூடான, உருண்டையான, எல்லாப் பக்கமும் ஒளியடிக்கும், ஹோல்டரில் திருகுகிற பொருளைச் சுற்றித்தான் யோசிக்க வேண்டியிருந்தது. தட்டுக்கும் பல்புக்கும் இடையே இவ்வளவு இடைவெளி, காற்றுப் போக வழி, கை நுழைய வழி. எல்இடி சில மில்லிமீட்டர் சில்லு, ஒரு பக்கம்தான் ஒளி, சூடு பின்பக்கம் போகிறது (சூடே வராது என்பது கட்டுக்கதை, பின்னால் அலுமினியம் வைக்காவிட்டால் சீக்கிரம் செத்துவிடும்). இனிமேல் எந்த உருவத்தையும் விளக்காக்கலாம், கோடு, வளையம், காகிதத் தாள், தூசு. ஸ்டுடியோ ட்ரிஃப்ட் என்ற ஆம்ஸ்டர்டாம் இணையர் டான்டிலியன் பூவின் விதை இழைகளைக் கையால் ஒவ்வொன்றாக எல்இடியில் ஒட்டி விளக்குச் செய்கிறார்கள், குண்டு பல்பில் அது பொசுங்கிப் போயிருக்கும்.

சுதந்திரம் வந்தது, பழைய தொந்தரவு போகவில்லை, கூடியிருக்கிறது. அவ்வளவு சின்னப் புள்ளியிலிருந்து அவ்வளவு ஒளி வந்தால் கண் கூசுவது பல மடங்கு. ஆனால் உருவம்தான் எப்படியும் செய்யலாமே என்ற உற்சாகத்தில், ஃபோட்டோவில் அழகாகத் தெரிகிற வளையங்களும் அலைகளும் வந்து குவிந்தன. ஆன்லைனில் டிசைனர் லைட் என்று தேடினால் வருவதில் பாதி, அணைத்திருக்கும்போது பார்க்கத்தான் லாயக்கு. போட்டால் சோபாவில் சாய்ந்தவர் கண்ணுக்கு நேரே புள்ளி புள்ளியாகச் சில்லு தெரியும்.

எல்இடியைப் புரிந்துகொண்டு வரைந்தவர்களும் இருக்கிறார்கள். டேனிஷ்-ஐஸ்லாந்துக் கலைஞர் ஓலஃபுர் எலியாசன் 2019-ல் லூயி பவுல்சனுக்கு, அதாவது ஹென்னிங்சனின் அதே கம்பெனிக்கு, செய்த ஓஇ குவாசியில் எல்இடிகள் வெளிச்சட்டத்தில் உட்கார்ந்து உள்நோக்கி அடிக்கும். நடுவில் இருக்கும் பலமுக வடிவத்தில் பட்டுத் தெறித்துத்தான் ஒளி அறைக்கு வரும். பல்பு நடுவில், தட்டு வெளியில் என்கிற நூறு வருட ஏற்பாட்டைத் திருப்பிப் போட்டுவிட்டார், மூலம் கண்ணில் படக் கூடாது என்கிற விதி மட்டும் அப்படியே இருக்கிறது. மைக்கேல் அனஸ்டாசியாடஸ் சிவில் எஞ்சினியரிங் படித்தவர், அவருடைய ஸ்ட்ரிங் லைட்ஸில் ஒயரையே அறைக்குள் கோடாக இழுத்து வரைகிறார். கூரையில் பாயின்ட் ஒரு பக்கம், மேசை இன்னொரு பக்கம் இருக்கிற வீடுகளின் பிரச்சினைக்கு அது ஆர்கோவின் பேரன் சொல்லுகிற பதில்.

எலியாசனை நிறையப் பேருக்குத் தெரிந்தது 2003-ல் லண்டனின் டேட் மாடர்ன் கலை அருங்காட்சியகத்தில் அவர் எழுப்பிய சூரியனால். அரைவட்டம், மேலே முகம் பார்க்கிற கண்ணாடி பதித்த கூரை, இரண்டும் சேர்ந்து முழு வட்டம். அதில் எரிந்தவை ஒற்றை அலைநீள மஞ்சள் விளக்குகள், தெருவிளக்கில் இருக்கிற வகை. அந்த ஒளியில் மஞ்சளும் கறுப்பும் தவிர வேறு நிறம் கிடையாது, சிவப்புச் சட்டையும் நீலச் சட்டையும் ஒன்றுதான். பார்வையாளர்கள் தரையில் படுத்துக்கொண்டு பார்த்தார்கள். கலைக்கூடத்தில் அது அனுபவம். துணிக்கடையில் அதன் சிறு வடிவம் நடந்தால் நஷ்டம்.

ஏனென்றால் பொருளின் நிறம் பொருளில் மட்டும் இல்லை, மேலே விழுகிற ஒளியில் அந்த நிறம் இருந்தால்தான் அது திரும்பி வரும். எல்இடியின் நீலமும் மஞ்சளும் சேர்ந்து வெள்ளையாகத் தெரிந்தாலும் அதில் அடர் சிவப்பு குறைவு. பெட்டியில் சிஆர்ஐ 80 என்று போட்டிருப்பார்கள், அது எட்டு வெளிர் நிறங்களை எவ்வளவு சரியாகக் காட்டுகிறது என்பதன் சராசரி. அடர் சிவப்பான ஒன்பதாவது மாதிரி, ஆர்9, அந்தச் சராசரியில் சேர்த்தியே கிடையாது. எனவே 80 வாங்கின பல்பு சிவப்பில் பூஜ்ஜியத்துக்குப் பக்கத்தில் இருக்கலாம். பட்டுப்புடவையைக் கடை வாசலுக்கு எடுத்துப்போய் வெயிலில் பார்க்கிற நம் வீட்டுப் பெண்களுக்கு எந்த அட்டவணையும் இல்லாமல் இது தெரியும். அரக்கு, குங்குமம், தக்காளி, மனிதத் தோல் எல்லாம் அடிவாங்குவது இங்கேதான். சாப்பாட்டு மேசைக்கும் முகம் பார்க்கிற இடத்துக்கும் சிஆர்ஐ 90-க்கு மேல் வாங்குவது என் பழக்கம், கொஞ்சம் கூடத்தான் ஆகும்.

நிறச் சூடு, அதாவது வெள்ளை ஒளி மஞ்சள் பக்கமா நீலப் பக்கமா என்பதன் அளவு, வேறு விஷயம், இரண்டையும் போட்டுக் குழப்பக் கூடாது. 2700 கெல்வின் குண்டு பல்பின் மஞ்சள், 6500 கூல் டே லைட். தமிழ்நாட்டு வீடுகளில் 6500-தான் வெளிச்சம், மஞ்சளாக இருந்தால் வோல்டேஜ் குறைவு என்று தோன்றும், பல தலைமுறையாக டியூப் லைட் பழக்கிவிட்டது. அதைத் தப்பு என்று நான் சொல்லமாட்டேன், சமையலறையில் அரிசியில் கல் பொறுக்க அதுதான் வசதி. படுக்கையறையிலும் அதையே நட்ட நடுவில் ஒன்றே ஒன்றாக மாட்டி, ஒரே ஸ்விட்சில் வைப்பதில்தான் எனக்குச் சண்டை. குண்டு பல்பை மங்கவைத்தால் ஒளி தானாகச் சிவந்து இறங்கும், எல்இடி மங்கினாலும் அதே வெள்ளையாகத்தான் மங்கும், சாம்பல் அடித்த மாதிரி. ஒரு பெரிய விளக்குக்குப் பதில் மூன்று சின்ன விளக்கு, தனித்தனி ஸ்விட்ச், ஒன்று சுவரைப் பார்த்து. செலவு அதிகமில்லை, எலக்ட்ரீஷியன் மட்டும் முணுமுணுப்பார்.

சிமிட்டலைக் கடையிலேயே பார்த்துவிடலாம். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், மலிவான டிரைவர் (மின்சாரத்தை எல்இடிக்கு ஏற்றபடி மாற்றித் தரும் பகுதி) வைத்த விளக்கு வினாடிக்கு நூறு முறை ஏறி இறங்கும். கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் சிலருக்குத் தலைவலி வரும். மொபைல் கேமராவைத் திறந்து விளக்குக்கு நேரே காட்டுங்கள், திரையில் பட்டை பட்டையாக ஓடினால் வாங்காதீர்கள்.

எனக்குப் பெரிய குறையாகப் படுவது பழுது. பிஎச் 5 அறுபது வருடம் தாண்டியும் எரிகிறதென்றால் அதில் இருப்பது சாதாரண ஹோல்டர். குண்டு பல்பு போய், சுருள் சிஎஃப்எல் போய், எல்இடி பல்பு வந்தாலும் திருகிக்கொள்ளலாம். இன்றைய மெலிந்த விளக்குகளில் எல்இடியும் சட்டமும் ஒரே துண்டு, பசை போட்டு ஒட்டியது. சில்லோ டிரைவரோ போனால் முழு விளக்கும் குப்பை, இருபதாயிரம் கொடுத்திருந்தாலும். ஐரோப்பாவில் 2021 செப்டம்பரிலிருந்து, விளக்கினுள் இருக்கும் ஒளி மூலத்தை உடைக்காமல் சாதாரணக் கருவிகளால் கழற்றி மாற்ற முடிய வேண்டும் என்று விதி இருக்கிறது, தொழில்நுட்பக் காரணம் காட்டினால் விலக்கும் உண்டு. ஃபோர்மாஃபன்டாஸ்மா இரட்டையர் 2024-ல் ஃப்ளோஸுக்குச் செய்த சூப்பர்வயரை எனக்குப் பிடிக்கக் காரணம் இதுதான். கண்ணாடிக் குழாய்க்குள் நீளமாகப் போகும் எல்இடி இழை, பசை இல்லாமல் கோத்தது, போனால் இழையை மட்டும் கழற்றி மாற்றலாம். அந்த மூட்டுகளை அவர்கள் ஒளித்துவைக்கவில்லை, விளக்கின் முகமே அந்த மூட்டுகள்தான்.

நமக்கு அந்த விலை கட்டாது, சரி. ஆனால் இங்கே ஏதாவது ஒரு கடையில் வளைய விளக்கு வாங்கப் போகும்போது பில் போடுவதற்கு முன் கேட்டுவிடுங்கள், டிரைவர் தனியாகக் கிடைக்குமா, எல்இடி போனால் எப்படிக் கழற்றுவது என்று. ஃபுல் செட்டாத்தான் சார் மாத்தணும் என்று பதில் வந்தால், ஹோல்டர் வைத்த மாடல் எந்தப் பக்கம் இருக்கிறது என்று கேட்டு அங்கே போங்கள்.